காட்டில் விட்டுப்போன குடல்

ஓர் எக்ஸ்ரே படம் சில நாட்களாக மனதை விட்டுப் போகவில்லை. ரைஃபிளால் சுடப்பட்ட ஒரு மானின் நெஞ்சுப் பகுதி. குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிட்டது. ஆனால் அது போன வழியிலும், வழியை விட்டு ஒரு சாணுக்கு அப்பாலும், உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அத்தனையும் ஈயத் துணுக்குகள். இப்படிப்பட்ட படங்களில் சில நேரம் நூற்றுக்கணக்கில் எண்ணுகிறார்கள். (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் இல்லை, இது காரீயம்.)

அமெரிக்காவில் மானைச் சுட்டவர் அங்கேயே வயிற்றைக் கிழித்து, குடலையும் நுரையீரலையும் எடுத்துப் போட்டுவிட்டு உடலை மட்டும் தூக்கிக்கொண்டு போவார். அதில் தப்பில்லை. ஓநாய் விட்டுப்போனதைத் தின்று வாழ்ந்த பறவைகள் இப்போது மனிதன் விட்டுப்போனதைத் தின்கின்றன, அவ்வளவுதான். ஓநாயின் பல் உடைந்து இறைச்சியில் தங்குவதில்லை. ஈயக் குண்டு உடைந்து தங்கிவிடுகிறது.

நாம் பேச்சில் எல்லாவற்றையும் கழுகு என்றே சொல்லிவிடுகிறோம். வேட்டையாடுவது கழுகு, பிணம் தின்பது பாறு என்று பறவை பார்ப்பவர்கள் திருத்துவார்கள். ஈயத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. குளிர்காலத்தில் இரை கிடைக்காதபோது கழுகும் செத்ததைத் தின்னத்தான் இறங்குகிறது.

உள்ளே போன ஈயம் என்ன செய்கிறது? செத்த விலங்கைத் தின்று உயிரோடு இருக்க வேண்டுமானால் கிருமியைப் பொசுக்கும் அமிலம் வயிற்றில் வேண்டும். இந்தப் பறவைகளுக்கு அது இருக்கிறது. அதே அமிலம்தான் ஈயத்தையும் கரைத்து ரத்தத்தில் ஏற்றுகிறது. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து நரம்புக்கும் எலும்புக்கும் அனுப்பிவைக்கிறது. இறக்கை தொங்குகிறது, விரல்கள் மடங்கி இறுகிக்கொள்கின்றன, எச்சம் பச்சையாகிறது. கடைசியில் குடல் அசைவதே நின்றுபோகிறது. தீனிப்பை நிறைய இறைச்சி இருக்க, பறவை பட்டினியால் சாகிறது. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அமெரிக்காவின் பெரிய பாறு இனமான கலிபோர்னியா காண்டோரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1982-ல் உலகத்திலேயே 22 பறவைகள்தான். 1987 ஏப்ரலில் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டுக்குள் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 1992-ல் மறுபடி வெளியே விட ஆரம்பித்தார்கள். இன்று கூண்டிலும் வெளியிலுமாக 500-க்கு மேல். பெரிய வெற்றி என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் வெளியே பறப்பவற்றை மறுபடி மறுபடி பிடித்து ரத்தம் சோதிக்கிறார்கள். ஈயம் ஏறியிருந்தால் அதைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்து, தேறியதும் திரும்ப விடுகிறார்கள். 2012-ல் வந்த ஓர் ஆய்வின்படி ஆண்டுதோறும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பறவைக்கு இந்தச் சிகிச்சை தேவைப்பட்டது. ஈயம் எங்கிருந்து வந்தது என்று காட்டும் கைரேகை போன்றது ஐசோடோப்பு விகிதம்; பெரும்பாலான பறவைகளின் ரத்தத்தில் இருந்த ஈயத்தில் அது குண்டுகளின் ஈயத்தோடு பொருந்தியது. ஓட்டைப் படகில் தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டே இருப்பதை எத்தனை காலம் வெற்றி என்று சொல்வது?

காண்டோரை விடுங்கள், அது அரிய பறவை. 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு அமெரிக்காவின் 38 மாநிலங்களின் 1,210 வெண்தலைக் கழுகுகளையும் பொன்னாங் கழுகுகளையும் பார்த்தது. ஏறக்குறைய பாதிப் பறவைகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சின் அடையாளம் இருந்தது. நாட்டின் சின்னமாக நாணயத்தில் பொறிக்கப்படும் வெண்தலைக் கழுகுக்கே இந்த நிலை.

சரி, வேட்டைக்காரரைத் திட்டலாமா? நான் திட்ட மாட்டேன். அமெரிக்காவில் 1937 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரியிலிருந்துதான் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பெரும் பணம் வருகிறது. அந்த மனிதர் கழுகைக் கொல்ல நினைத்ததே இல்லை. தான் விட்டுப்போன குடலில் என்ன இருந்தது என்று அவரிடம் யாரும் படம் எடுத்துக் காட்டவில்லை. காட்டினால் மாறுகிறார்கள் என்பதற்கு அரிசோனா சாட்சி. 2005 முதல் காண்டோர் பறக்கும் பகுதியில் வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்தார்கள். கட்டாயம் ஏதும் இல்லாமலே பெரும்பாலானோர் ஒத்துழைத்தார்கள்.

ஆனாலும் அங்கே ஈயத்தால் காண்டோர்கள் சாவது நிற்கவில்லை. காரணம் எளிது. பாறுகள் கூட்டமாகச் சாப்பிடுபவை. பத்துப் பேரில் ஒன்பது பேர் மாறினாலும், பத்தாவது ஆளின் மான்மீது பல பறவைகள் ஒன்றாக இறங்கும். ஆறேழு வயதில்தான் குஞ்சு பொரிக்கத் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் இனத்துக்கு அந்த ஒரு விருந்து போதும். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் சட்டத்தின் பக்கம். டென்மார்க் 1996-லேயே ஈயச் சிறுகுண்டுகளைத் தடைசெய்து, 2024-ல் ரைஃபிள் குண்டுகளையும் நிறுத்திவிட்டது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் மாநிலம் முழுக்க வேட்டைக்கு ஈயத்தைத் தடைசெய்தது. அமெரிக்க மத்திய அரசு? 2017 ஜனவரி 19 அன்று, ஒபாமா பதவியை விட்டுப் போவதற்கு முந்தைய நாள், காட்டுயிர்த் துறையின் நிலங்களில் ஈயத்தைப் படிப்படியாக நிறுத்தும் உத்தரவு வந்தது. மார்ச் 2-ல் புது அமைச்சர் ரத்து செய்துவிட்டார். ஆறே வாரம்.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. ஈயத்துக்குப் பதிலான செம்புக் குண்டு பூவிதழ் போல விரிந்தாலும் உடைந்து சிதறுவதில்லை, மானையும் வீழ்த்தும். ஆனால் விலை கூடுதல், அணில் போன்றவற்றைச் சுடும் .22 என்ற சிறு குண்டுத் துப்பாக்கிக்கு எளிதில் கிடைப்பதும் இல்லை. கடையில் இல்லாத குண்டை வாங்கச் சொல்லும் சட்டம் வெறும் காகிதம். கலிபோர்னியாவில் தடைக்குப் பிறகும் ஈயம் ஏறிய காண்டோர்கள் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்புறம் இன்னொன்று. அந்த மானின் மிச்சத்தைப் பறவை தின்கிறது, மீதியை யார் தின்கிறார்கள்? 2008-ல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு உணவாகத் தானம் செய்யப்பட்ட மான் இறைச்சியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அரைத்துப் பொட்டலம் கட்டிய இறைச்சியில் அதே வெள்ளைப் புள்ளிகள். எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள் என்று உணவு வங்கிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். குப்பைத் தொட்டியை நன்றாக மூடித்தான் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.