மஞ்சளோடு எனக்கென்ன பகை?

நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "மஞ்சள் மாத்திரை நஞ்சுக்கொடியைக் காக்கும், ஆய்வில் நிரூபணம்" என்று ஒரு பதிவு வந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: எந்த நஞ்சுக்கொடியை? அதற்குத்தான் "நாலெழுத்து படித்த திமிர்" பட்டம். வாங்கிக்கொண்டேன்.

இந்த மாதிரி ஆய்வுகளில் நஞ்சுக்கொடிச் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி வாட்டுவார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளைச் சேர்த்த கிண்ணத்தில் கூடுதல் செல்கள் பிழைக்கும். சந்தோஷம். ஆனால் கிண்ணம் கர்ப்பப்பை இல்லை. நாம் விழுங்கும் குர்குமினில் பெரும்பங்கு குடலிலும் ஈரலிலுமே உருமாறிவிடுகிறது, ரத்தத்துக்கு வருவது சொற்பம்.

விட்டமின் சி, ஈ கதையும் இதுதான். 1999-இல் 283 பெண்களிடம் பார்த்தபோது கர்ப்பகால ரத்த அழுத்த நோய் குறைந்தது என்றார்கள். 2006-இல் சுமார் 2,400 பேரிடம் பார்த்தால் பலனே இல்லை, எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதல். 2010-இல் சுமார் 10,000 பேர், அப்போதும் பலன் இல்லை. 283 பெண்களிடம் பார்த்ததே நிற்கவில்லை என்றால், கிண்ணத்தில் பார்த்தது எம்மாத்திரம்? திரும்பவும் சொல்கிறேன், கிண்ணம் கர்ப்பப்பை இல்லை.

"நம்ம அம்மாமார் மஞ்சள் சாப்பிடலையா?" சாப்பிட்டார்கள், சாளை மீன் குழம்பில். நானும் இன்று மதியம் சாப்பிட்டேன். "மூலிகைக்கு எதிரி"யாம். இந்த ரத்த அழுத்த நோய் வரும் ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு டாக்டர் எழுதும் குறைந்த அளவு ஆஸ்பிரினின் பூர்வீகமே வில்லோ மரப்பட்டைதான். அதைக் கர்ப்பிணிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மருந்து கம்பெனி எனக்குக் காசு தருகிறதா என்று கேட்டவருக்கு: ஸ்கூட்டி தவணை மூன்று பாக்கி, வந்து கட்டுங்கள்.

சரி, ஏன் இவ்வளவு கோபம்? தக்கலையில் மைனிக்கு (அண்ணிக்கு) அப்போது ஏழாம் மாதம். கால் வீங்கி, மிஞ்சியைச் சோப்பு போட்டுத்தான் கழற்றினோம். "எல்லா பிள்ளைத்தாய்ச்சிக்கும் வீங்கும்" என்றார்கள். உறவில் ஒருவர் இதே மாதிரி மாத்திரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அவசரமில்லை என்றார். எட்டு நாள் கழித்து பிரஷர் பார்த்தால் 160/110, சிறுநீரில் புரதம். அதே கர்ப்பகால ரத்த அழுத்த நோய். பிள்ளை பிறந்தபோது ஒன்றரைக் கிலோகூட இல்லை. அவனைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன், என் சுண்டுவிரல் பருமன் கை.

மாத்திரையால் பிரஷர் ஏறியது என்று நான் சொல்லவில்லை. அந்த எட்டு நாளைத்தான் சொல்கிறேன். அது யாருக்கும் உறைக்கவில்லை.

நேற்று அந்தப் பதிவுக்கு முதல் கைதட்டல் போட்டது அந்த உறவினர்தான். அதுகூடப் பரவாயில்லை. இரண்டாவது, மைனி.