குழு மாறுகிற ட்ரம்மருக்காக

"அவன் ஒரு இடத்துல நிக்க மாட்டான்." மார்த்தாண்டத்தில் ஒரு டீக்கடையில் போன வாரம் என் காதுபடவே ஒரு பையனைப் பற்றிச் சொன்னார்கள். இருபத்து நாலு வயசு, அருமையாக ட்ரம்ஸ் வாசிப்பான். இரண்டு வருஷத்தில் மூன்று குழு மாறிவிட்டான் என்பதுதான் அவன்மேல் உள்ள குறை. அங்கேயே பதில் சொன்னேன். மனசு ஆறவில்லை, அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

ராக் இசையில் பெரிய ட்ரம்மர்கள் பலர் குழு மாறியவர்கள்தான். கோசி பவல் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் குழுவில் வாசித்தவர். 1975இல் ரெயின்போ குழுவில் சேர்ந்து, 1980இல் இங்கிலாந்தின் டோனிங்டன் கச்சேரியோடு விலகினார். அப்புறம் ஒயிட்ஸ்னேக், பிளாக் சபாத் குழுக்கள். எங்கே உட்கார்ந்தாலும் அந்த அடி அவருடையது என்று கேட்டதுமே தெரியும். 1998இல் கார் விபத்தில் போய்விட்டார், ஐம்பது வயதுதான். பில் புரூஃபோர்ட் 1972இல் யெஸ் குழு ஏறுமுகத்தில் இருந்தபோது, தான் வாசித்து முடித்த ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே கிங் கிரிம்சனுக்குப் போனார். அவரை ஓடுகாலி என்று யாராவது சொல்வார்களா?

இதில் காசு விஷயமும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஒரு பாட்டின் உரிமை பெரும்பாலும் மெட்டும் வரியும் எழுதியவருக்குத்தான் போகும். ட்ரம்மர் போட்ட தாளம்தான் அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கும், ஆனால் அவர் பெயர் அதில் வராது. வாசித்த அன்றைக்குக் கூலி, அவ்வளவுதான். ஆனால் டீப் பர்பிள் குழு 1970களின் தொடக்கத்தில் பாட்டுக்கு ட்ரம்மர் உட்பட ஐந்து பேர் பெயரையும் போட்டது. அதன் ட்ரம்மர் இயன் பெய்ஸ் 1968இல் சேர்ந்தவர், அவர் இல்லாத டீப் பர்பிள் இருந்ததே இல்லை. அந்தக் குழு கலைந்து கிடந்த காலத்தில் மட்டும் அவரும் ஒயிட்ஸ்னேக்கில் வாசித்தார். அவர் அங்கிருந்து விலகிய பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் கோசி பவல்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே ஒரு ட்ரம்மருக்கு ஞாயிறு காலை கோவில் (சர்ச்) பாடகர் குழு, சாயங்காலம் கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டம், கடற்கரை ஊர்த் திருவிழா என்றால் லைட் மியூசிக். இடையில் கிடைக்கிற நேரத்தில்தான் நண்பர்களோடு சொந்தப் பாட்டு, ராக். நானும் அப்படி ஓடியவன். குளச்சல் பக்கம் ஒரு மேடையில் பலகை வழுவழுவென்று இருந்தது. பெடலை மிதித்து வாசிக்கிற பெரிய பாஸ் ட்ரம் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. கடைசியில் முன்னால் ஒரு ரீப்பர் கட்டையை வைத்து ஆணி அடித்தோம். உப்புக்காற்றில் ஸ்டாண்டின் திருகு மறை ஒரே சீசனில் துருப்பிடித்துவிடும். எல்லாருக்கும் முன்னால் வந்து செட் பூட்டி, எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு டெம்போ வண்டியில் ஏற்றுகிறவன் ட்ரம்மர்தான்.

அப்படி ஒருநாள் இரவு, கீபோர்டு வாசித்தவருக்குக் கொடுத்ததில் பாதியை என் கையில் வைத்து, "நீ சும்மா அடிக்கத்தானலே செய்யுத" என்றார் குழுத் தலைவர். மறுவாரம் நான் வேறு குழுவுக்குப் போய்விட்டேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

போன இடத்தில் கற்றது நிறைய. பழைய கோவில் கட்டடத்தில் ஸ்நேர் ட்ரம்மை ஓங்கி அடித்தால் எதிரொலி பாட்டையே மூடிவிடும். அங்கேதான் மெதுவாக வாசிக்கப் பழகினேன். ராக் குழுவுக்குத் திரும்பியபோது பாடகரின் குரல் ஏறுகிற இடத்தில் கை தானாக அடங்கியது. ஒரே குழுவில் இருந்திருந்தால் எனக்கு இது வந்திருக்காது.

குழு நடத்துகிற அண்ணன்மார்களிடம் ஒன்று கேட்கிறேன். சம்பளத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், டெம்போ வாடகையை அவன் தலையில் கட்டாதீர்கள், சொந்தப் பாட்டு என்றால் அவன் பெயரையும் போடுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் ஒருவன் போகிறான் என்றால் கைகுலுக்கி அனுப்பிவையுங்கள்.

அந்தப் பையனுக்கு வருகிற சனிக்கிழமை நாலாவது குழுவோடு முதல் ரிகர்சல். என் பழைய பெடலைக் கேட்டிருக்கிறான். ஸ்பிரிங் மாற்றி, எண்ணெய் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.