மன்னர் கல்லூரிக்குப் போன வண்டியும் அம்மா ஓட்டிய சைக்கிளும்

புதுக்கோட்டை 2024-இல் மாநகராட்சி ஆனதிலிருந்து ஊர் வரலாறு பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். சந்தோஷம். ஆனால் எதை எடுத்தாலும் ஊரை ஆண்ட தொண்டைமான்கள், அவர்கள் வெளியிட்ட அம்மன் காசு, 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆனது, இத்தோடு நின்றுவிடுகிறது. கொஞ்சம் மெனக்கெட்டவர்கள் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையையும் நடிகர் பி.யு. சின்னப்பாவையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இந்த ஊரின் வரலாறு என்றால் இரண்டு வண்டிகள்தான்.

முதல் வண்டி மன்னர் கல்லூரிக்குப் போனது. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். அப்பா நாராயணசாமி அய்யர் அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி முறையில் சிக்கியிருந்த இசை வேளாளர் குடும்பம். பையன்களோடு ஒரு பெண் உட்கார்ந்து படிப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதை ஒதுக்கிவிட்டுச் சேர்க்கச் சொன்னார். திரை போட்ட வண்டியில் கல்லூரிக்குப் போனார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பெண் 1912-இல் சென்னையில் டாக்டர் ஆனார், பிறகு சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே போராடினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அம்மாவின் குலத்துப் பெண்கள் பட்டதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், அந்தப் போராட்டத்தின் வேர் எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்பேன்.

இரண்டாவது வண்டி சைக்கிள். 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பார் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

கீரனூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் அம்மாவும் அப்படித்தான் கற்றுக்கொண்டார். மணிக்கணக்கு வாடகை சைக்கிள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓட்டுவார், சித்தி சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். டீக்கடைத் திண்ணையிலிருந்து வந்த பேச்சையெல்லாம் இங்கே எழுத முடியாது. நான்காம் நாள் சித்தி கையை விட்டுவிட்டார். அது தெரியாமலே அம்மா மடை வரைக்கும் போய்விட்டார். இறங்கத் தெரியவில்லை, வேலிக்கருவையில் போய் விழுந்தார். அப்புறம் ஒரு மாதத்தில் கேரியரில் குடத்தைக் கட்டி, என்னைப் பாரில் உட்காரவைத்துத் தண்ணீருக்குப் போனார். அதுவரை இடுப்பில் சுமந்த தண்ணீர்.

பஸ்ஸுக்காகவோ அப்பாவுக்காகவோ காத்திருக்காமல், நினைத்த நேரத்துக்குக் கிளம்பிப் போக முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தலைமுறைப் பெண்களைக் கேட்டால்தான் தெரியும். எந்த மன்னர் காலத்துச் சாதனைக்கும் இதை நான் குறைத்து வைக்கமாட்டேன். திருக்கோகர்ணம் மியூசியத்தில் 1992-இல் ஒரு பெண் ஓட்டிய பழைய சைக்கிள் ஒன்று நிற்க வேண்டும். இது என் ஆசை. நம் ஊர்ப் பள்ளிகளில் முத்துலட்சுமி பாடம் நடத்தும் அன்றைக்கே, அறிவொளியில் சைக்கிள் கற்ற ஒரு பாட்டியைக் கூப்பிட்டுப் பேசவிட வேண்டும். அவர்களில் பலருக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. தள்ளிப்போட நேரமில்லை.

இதைப் படிக்கிற புதுக்கோட்டைக்காரர்கள் இன்றைக்கே அம்மாவிடமோ அத்தையிடமோ கேளுங்கள்: யார் சொல்லிக்கொடுத்தார்கள், எங்கே விழுந்தார்கள், முதலில் எங்கே போனார்கள். போனில் பதிவு செய்துவையுங்கள். என் அம்மாவிடம் போன வாரம்தான் கேட்டேன். தனியாக முதலில் போனது எங்கே என்றதற்கு, "எங்கம்மா வீட்டுக்கு" என்றார்.