அரிசி மூட்டையும் அகீதாவும்

ஏழு வயதில் மதரஸாவில் மனப்பாடம் செய்தது, அகீதா எனும் இஸ்லாமியக் கொள்கையின் ஆறு நம்பிக்கைகள். அல்லாஹ், மலக்குகள் எனும் வானவர்கள், வேதங்கள், நபிமார்கள், இறுதி நாள், கத்ர் எனும் விதி. ஹஜ்ரத், அதாவது ஆசிரியர், கேட்டால் மூச்சு விடாமல் ஆறையும் ஒப்பிப்போம். இதையெல்லாம் எதற்காக நம்ப வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அது எனக்குப் புரிந்தது அத்தாவின் மளிகைக் கடையில்தான். ஒரு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, அரிசி மூட்டை ஒன்றின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. மேலே கை வைத்தால் ஒன்றும் தெரியாது. அத்தா மூட்டையைக் கவிழ்த்து, ஈர அரிசியை முறத்தில் அள்ளி, கல்லாவுக்கு முன்னால் வைத்தார். வந்தவர்களிடம் எல்லாம் "நனைஞ்சது, பாதி விலை" என்றார். "யாருக்குத் தெரியப்போகுது அத்தா?" என்று கேட்டேன். "நாளைக்கு ரப்பு கேப்பானே" என்றார். அவ்வளவுதான். ரப்பு என்றால் இறைவன், நாளை என்றால் மறுமை.

அப்புறம்தான் நபியைப் பற்றிய அறிவிப்பான அந்த ஹதீஸைப் படித்தேன். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள், விரல்களில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. "மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா? ஏமாற்றுபவர் என்னைச் சேர்ந்தவர் அல்ல" என்றார்கள்.

குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் எடைக் குறைப்பவர்களைக் கண்டித்துத் தொடங்குகிறது. கண்டித்த கையோடு, மகத்தான ஒரு நாளில் தாங்கள் எழுப்பப்படுவோம் என்று இவர்கள் எண்ணவில்லையா என்று கேட்கிறது. 107ஆவது அத்தியாயத்தில் தீர்ப்பு நாளைப் பொய்யாக்குபவனுக்கு என்ன அடையாளம்? அநாதையை விரட்டுகிறான், ஏழைக்குச் சோறு போடத் தூண்டுவதில்லை. மறுமை நம்பிக்கை இருக்கிறதா என்று பார்க்க அல்லாஹ் நம் தராசையும் வாசற்படியையும் காட்டுகிறான். நாமோ அகீதா என்றாலே மேடை போட்டு விவாதிக்கக் கிளம்பிவிடுகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

கொள்கை நம் அறிவையும் நேராக்க வந்தது. 632இல் நபியவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம். குழந்தையின் இறப்புக்காகத்தான் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள்.

கத்ரையும் அப்படித்தான் நபித்தோழர்களான சஹாபாக்கள் விளங்கிக்கொண்டார்கள். ஷாமில், அதாவது இன்றைய சிரியா பகுதியில், கொள்ளை நோய் என்று கேள்விப்பட்டதும் அன்றைய கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்ற இடத்திலிருந்தே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். "ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே போகிறோம்" என்றார்கள் உமர் (ரலி). நெஞ்சு வலியோடு இருப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்து, பிறகு தக்தீர், எல்லாம் விதி என்று சொல்லும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிலை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது என் மகள் அந்த ஆறையும் ஒப்பிக்கிறாள். நேற்று அரிசி மூட்டைக் கதையைச் சொன்னேன். "அந்த ஈர அரிசியை யாரு வாங்குனா?" என்றாள். பாதி விற்றது. மிச்சத்தை அம்மா இடியாப்பத்துக்கு இடித்தார்.