சொருகினா போதுமாம்!

"சொருகினா போதும் தம்பி, மத்ததை அதுவே பாத்துக்கும்"னு சொல்லி லேப்டாப்போட ஹெட்செட்டை வயர் இல்லாம சேக்குற அந்த ப்ளூடூத் டாங்கிளை என் தலையில கட்டின காரைக்குடிக் கடைக்காரரே, எங்க இருந்தாலும் நல்லா இருங்க.

டப்பாவைப் பிரிச்சா உள்ள ஒரு குட்டி சிடி. டிரைவராம், டாங்கிளை வேலை செய்ய வைக்கிற சாஃப்ட்வேர். இந்தக் காலத்து லேப்டாப்ல சிடியை எங்கய்யா போடுறது? தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லுக்கு அடியிலயா?

சரி, கம்ப்யூட்டரே டிரைவரைத் தேடிப் போட்டுக்கிச்சு. ஹெட்செட்டைத் தேடுடான்னேன். எதிர்த்த வீட்டு டிவி வந்துச்சு. தெருவுல நின்ன யாரோ காரு வந்துச்சு. "அன்னோன் டிவைஸ்"னு ஊர் பேர் தெரியாத ஒண்ணு வந்துச்சு. என் காதுல மாட்டியிருக்கிறது மட்டும் வரலை. அணைச்சு, போட்டு, பட்டனை அமுக்கிப் பிடிச்சு, சிவப்பும் நீலமும் மாறி மாறி மினுக்கி... வந்துருச்சு! "பேர்டு"ங்குது, ஜோடி சேந்தாச்சாம். அப்ப கனெக்டட்? அது வேறயாம். பேசி முடிச்சாச்சு, திருப்பூட்டுதான், அதான் தாலி கட்டுறதுதான், நடக்க மாட்டேங்குது.

ஒருவழியா அதுவும் ஆச்சு. ஆபீஸ் மீட்டிங்ல மைக்கைத் திறந்தேன், சத்தம் பழைய லேண்ட்லைன் தரத்துக்கு இறங்கிருச்சு. பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு வேற முறையாம். மைக் வேணும்னா தரத்தை மறந்துடணுமாம். இதுல நடுநடுவுல விட்டு விட்டு வேற வருது. ஏன்னா வைஃபையும் இதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில இடிச்சுக்கிதுங்க. போதாக்குறைக்கு நீல கலர் யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதே இடத்துல இரைச்சல் கிளப்புமாம். அதனால எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வைக்கணுமாம். வயரே வேண்டாம்னுதானய்யா இதை வாங்கினேன்!

டப்பாவுல 10 மீட்டர்னு போட்டிருக்கு. எழுதினவன் செட்டிநாட்டு வீட்டுச் சுவரைக் கண்ணால கண்டிருக்க மாட்டான். வீட்டோட உள்பகுதி, ரெண்டாங்கட்டுப் பக்கம் திரும்பினேன், மேனேஜர் காணாமப் போயிட்டார். "கேக்குதா? சார், கேக்குதா? இப்பக் கேக்குதா?"

உள்ளேயிருந்து அப்பத்தா: "கேக்குதுடா, நல்லாத்தான் கேக்குது. என்ன வேணும்?"

சிரிச்சுட்டேன். வேற என்ன செய்ய?

அப்பப் பாத்து வாசல்ல ஒரு குடும்பம். "இது படம் எடுத்த வீடுதானே, உள்ள வந்து பாக்கலாமா?" இல்லைங்க. இது படம் எடுத்த வீடு இல்லை, நாங்க குடியிருக்கிற வீடு. பாக்க விடலைன்னா போறீங்க, சரி. திண்ணையில உக்காந்து தின்ன சிப்ஸ் கவரையாவது எடுத்துட்டுப் போகக் கூடாதா?