'ரியாக்டிவ்' என்று வந்த சீட்டும் ஆறு நாள் காத்திருப்பும்

பித்தப்பைக் கல்லுக்கான அறுவை சிகிச்சைக்கு முன் வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில், எனக்கு ஹெபடைடிஸ் சி 'ரியாக்டிவ்', அதாவது அதன் தடயம் தெரிகிறது என்று வந்திருக்கிறது. இரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் அது. சீட்டை நீட்டிய லேப் ஊழியர், "டாக்டரைப் பாருங்கம்மா" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மருத்துவர் இன்னொரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதன் முடிவுக்கு ஆறு நாள் ஆகுமாம். இன்று நான்காம் நாள்.

முதல் இரண்டு இரவுகளும் நான் உறங்கவில்லை. என் தட்டையும் தம்ளரையும் யாரிடமும் காரணம் சொல்லாமல் தனியே எடுத்து வைத்தேன். மடியில் ஏற வந்த பேரனை ஏதோ சாக்குச் சொல்லி இறக்கிவிட்டேன். 1996-இல் பிரசவத்தின்போது எனக்கு இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். இந்த வைரஸ் கண்டறியப்பட்டதே 1989-இல்தான். தானமாகப் பெறும் இரத்தத்தில் இதற்கான பரிசோதனை நம் நாட்டில் கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில்தான். என் உயிரைக் காத்ததாக இத்தனை ஆண்டுகள் நன்றியோடு நினைத்திருந்த அந்த இரத்தத்தை, இப்போது சந்தேகத்தோடு நினைக்க நேர்ந்ததுதான் எனக்கு மிகவும் வலித்தது.

மூன்றாம் நாள், செவிலியராகப் பணியாற்றும் தோழியிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவள் பத்தே நிமிடங்களில் விளக்கினாள். முதல் பரிசோதனை தேடுவது வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை. வைரஸ் போன பிறகும் அது இரத்தத்தில் தங்கிவிடும். தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்குச் சிகிச்சை இல்லாமலே ஆறு மாதங்களுக்குள் வைரஸ் நீங்கிவிடுகிறது. வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை இரண்டாவது பரிசோதனைதான் சொல்லும். இருந்தாலும், பெரும்பாலும் 12 வார மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். சேர்ந்து உண்பதாலோ கட்டியணைப்பதாலோ இது பரவாது. இரத்தம் படக்கூடிய பிளேடு, நகவெட்டி, பல்துலக்கி ஆகியவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும். அன்று மாலையே தம்ளர் பழைய இடத்துக்குத் திரும்பியது.

"தைரியமாக இரு" என்றவர்கள் எல்லோரும் என்மேல் அன்புள்ளவர்கள். ஆனாலும் என் கவலையைக் குறைத்தது அந்தப் பத்து நிமிட விளக்கம்தான். அதை முதல் சீட்டோடு நான்கு வரிகளில் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதில் என்ன தடை இருக்க முடியும்? முதல் பரிசோதனைக்கு எடுத்த அதே இரத்தத்திலேயே இரண்டாவதையும் செய்துவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்திருக்கிறது. அப்படிச் செய்திருந்தால், என்னைப் போன்றவர்கள் பாதிச் செய்தியோடு வீடு திரும்பி, கிடைத்ததையெல்லாம் படித்துக் கலங்க வேண்டியிருக்காது.

பயம் முழுவதுமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வைரஸ் இத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்திருந்தால் கல்லீரல் என்ன நிலையில் இருக்குமோ என்ற எண்ணம் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறது. அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடாமல், மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதுகிறேன். கல்லீரலில் தழும்பு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா, கணவரும் மகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா என்று இதுவரை ஏழு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. நாளை மறுநாள் கணவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னுடன் வருகிறார்.