நோட்டரி முத்திரை போட்டால் டிரான்ஸ்கிரிப்ட் ஆகிவிடாது

மேலே ஒருவர், "செமஸ்டர் மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் போதும், அமெரிக்க டிரான்ஸ்ஃபருக்கு அதுவே அஃபிஷியல் டிரான்ஸ்கிரிப்ட்" என்று எழுதியிருக்கிறார். டிரான்ஸ்ஃபர் என்றால் இங்கே பாதி படித்துவிட்டு அங்கே போய்ப் படிப்பைத் தொடர்வது; டிரான்ஸ்கிரிப்ட் என்றால் படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் காட்டி, படித்த இடமே தரும் சான்று. தயவுசெய்து இதை நம்பி நாளைக் கடத்திவிடாதீர்கள்.

நகல் அசலைப் போலவே இருக்கிறது என்பதற்குத்தான் நோட்டரி கையெழுத்துப் போடுகிறார். மதிப்பெண்ணுக்குப் பொறுப்பு படித்த இடம்தான். இணைப்புக் கல்லூரி என்றால், பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் அங்கிருந்தே அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போக வேண்டும், இல்லையென்றால் சீல் வைத்த உறையில் பிரிக்காமல் போக வேண்டும். என் தம்பிக்கு வந்த உறையில், ஒட்டிய மடிப்பின் மேல் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக முத்திரை விழுந்திருந்தது. அம்மா ஆசையாகப் பிரித்துப் பார்த்துவிட்டார். மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், கூடவே ஐந்து வாரம்.

சரி, விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் காப்பியை ஏற்கும் இடங்கள் நிறைய உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் முதலில் மதிப்பெண்களை நம்மையே நிரப்பச் சொல்கிறது. ஆனால் இடம் கிடைத்து, சேர்வதாக ஒப்புக்கொண்ட பிறகு, ஜூலை 1-க்குள் அஃபிஷியல் டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர வேண்டும்.

அப்புறம், ஒரே செமஸ்டர் படித்துவிட்டு நின்ற கல்லூரியையும் மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமே ரத்தாகலாம். பாடத்திட்டத்தையும் கையோடு வாங்கி வையுங்கள், எந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்ததாகக் கணக்கில் எடுத்துக் கிரெடிட் தருவது என்று பார்க்கும்போது அதைக் கேட்பார்கள்.